மலைப்பக்கத்து ஜன்னல்

நனைந்த செம்மண்ணின் வாடைதான் எங்கள் ஐந்தாம் வகுப்பின் வாடை. புசல்லாவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூடுபனி இறங்கினால் பகலிலேயே இருட்டிவிடும். நாள் முழுக்க "லைட்டு" எரியவிடக் கட்டுப்படியாகாமல், பள்ளி அதிபர் பின்சுவரை உடைத்து அகலமான ஜன்னல் ஒன்றை வைத்தார். அதன் பிறகு சுவிட்சைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்தோடு, சுவருக்குப் பின்னால் செங்குத்தாக நின்ற மண்மேடும் எங்கள் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது.

ஜன்னலோரம்தான் என் இடம். முந்திய மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயமொன்று மண்சரிவில் புதைந்திருந்ததால், மழை என்றாலே அம்மா "மலை எறங்கிருமோ" என்று முணுமுணுப்பார். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டு, கணக்குப் போடும்போதும் கண் மேட்டிலேயே கிடக்கும். "ஜன்னல் வச்சது படிக்கத்தான், வேடிக்க பாக்க இல்ல" என்று சரோஜா டீச்சர் பலமுறை அதட்டியிருக்கிறார்.

விடாமல் மழை கொட்டிய ஒரு காலையில், மேட்டின் அடியில் எப்போதும் தெளிவாகக் கசியும் ஊற்றுநீர் செம்மண் நிறத்தில் பொங்கி வருவதையும், மேட்டின்மேல் நேராக நின்ற சவுக்கு மரம் எங்கள் பக்கம் சாய்ந்திருப்பதையும் கண்டேன். சொன்னால் திட்டு விழுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்த எனக்கு, பேச்சுக்கு முன்னால் அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா, வயிறு வலிக்குதா?" என்றார் டீச்சர்.

"மரம் சாயுது டீச்சர். தண்ணியும் கலங்கி வருது."

ஜன்னலருகே வந்து பார்த்தவரின் முகம் வெளுத்தது. "புத்தகத்த விடுங்க, எல்லாரும் கிரவுண்டுக்கு ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே அடுத்த வகுப்புகளுக்கும் ஓடினார்.

மழையில் நடுங்கியபடி நெடுநேரம் நின்றோம், ஒன்றும் நடக்கவில்லை. சில பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்க, மேடு விழுந்துவிடுமோ என்ற பயத்தைவிட விழாமலே இருந்துவிடுமோ என்ற பயம் எனக்குப் பெரிதாயிற்று. அதிபர் எங்களை உள்ளே அனுப்பலாமா என்று டீச்சரிடம் கேட்டுக்கொண்டிருந்தபோதே, லொறி நிறையக் கல் கொட்டியதுபோல ஒரு சத்தம். ஜன்னல் இருந்த சுவர் முழுதாக உள்ளே சரிந்தது. டீச்சர் தலைகளை எண்ணினார். நம்பிக்கையில்லாமல் மறுபடியும் எண்ணினார். எல்லோரும் இருந்தோம்.

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மானாப்புல் மண்டிக் கிடக்கிறது. நான் கட்டுகஸ்தோட்டையில் குடியிருக்கிறேன். மகள் படிக்கும் பள்ளிக்கூடமும் மலையடிவாரத்தில்தான். மாடிக் கட்டிடம், வகுப்பில் பகலெல்லாம் விளக்கு எரிகிறது. நேற்றும் மழை.

"உன் வகுப்பு ஜன்னல்ல மலை தெரியுதாடா?" என்று கேட்டேன்.

"கர்ட்டன் போட்டிருக்கும்மா," என்றாள். "ஒண்ணும் தெரியாது."