கூட வர ஓர் ஆள் கேட்டேன்

என் வலது கை செயலற்றுப்போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. கை இருக்கிறது, தோளிலிருந்து தொங்குகிறது. ஒரு விரல்கூட அசையாது. இதைச் சொன்னால்தான் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியும்.

என் பெயர் ஜெபசீலி. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். கொல்லிமலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலை பார்த்தேன். "கவர்மென்ட் வேலை" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அது தொகுப்பூதியம்தான், வேலைக்குப் போனால்தான் சம்பளம். அப்பா அம்மா இல்லை. திருமணம் ஆகவில்லை. மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன்.

ஐப்பசி மழையில் மலை இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் என் ஸ்கூட்டர் சறுக்கியது. தோள் மோதி நரம்பு அறுந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். "இந்தக் கையால இனி ஊசி பிடிக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அண்ணன் முதலில் தினமும் போன் செய்தார். அப்புறம் ஞாயிறு மட்டும். அப்புறம் நான் செய்தால் எடுப்பார்.

தனியார் விபத்துக் காப்பீடு ஒன்று எடுத்து வைத்திருந்தேன். அதை மலைபோல் நம்பியிருந்தேன். கம்பெனியிலிருந்து பேசியவர், "கை துண்டாகலையே மேடம்" என்றார். அந்தக் கை இனி ஒருபோதும் வேலை செய்யாது என்று அரசு மருத்துவக் குழு சான்று தர வேண்டுமாம். அரசின் மாத உதவித்தொகைக்கும் அதே சான்றுதான் வேண்டும். மருத்துவக் குழுவோ, நரம்பு தேறுகிறதா என்று பார்த்துவிட்டுச் சில மாதம் கழித்து வரச் சொன்னது.

அந்த மாதங்கள் லேசாகப் போகவில்லை. ஒரு கையால் தலை பின்ன முடியாது. சிக்குப் பிடித்த தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்தேன். வெளியே பஸ் நிற்கும், ஆட்கள் இறங்கிப் பேசிக்கொண்டே போவார்கள். என்னிடம் வர யாருமில்லை. "பாவம்" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து ஜெபவீட்டுக்கும் போகவில்லை.

அந்தச் சான்று கொடுக்கும் மருத்துவ முகாம் நாமக்கல்லில் நடக்கவிருந்தது. முந்தின நாள் காலை முழங்காலில் நின்று அழுதேன். "அப்பா, பணம்கூடக் கேட்கவில்லை. நாளைக்கு என்னோடு வர ஓர் ஆளைத் தாரும்."

அன்று சாயங்காலம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் பழனியம்மா அக்கா. கொல்லிமலையிலேயே வாழவந்தி நாடு என்ற பகுதிக்காரர், சோளக்காட்டில் மிளகும் வாழைப்பழமும் விற்பவர். பிறவியிலேயே ஒரு கால் சூம்பியது. எப்போதோ அவருக்கு இரத்தம் எடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம்.

"ஏனுங்க சிஸ்டர், நாளைக்கு நாமக்கல் போறீங்களாமா? ஆஸ்பத்திரி நர்சம்மா சொன்னாங்க. எனக்கும் பழைய ஊனமுற்றோர் கார்டக் குடுத்துப்போட்டுப் புதுசு வாங்கோணும். ஒத்தையா பஸ்ஸு ஏறி எறங்க முடியறதில்லீங்க. என்னையும் கூட்டிட்டுப் போறீங்களா?"

துணை கேட்டு நான் அழுதேன். துணை கேட்டு ஒருவர் என் வாசலில் நிற்கிறார்!

"எனக்கு ஒரு கைதானே அக்கா இருக்கு."

"புடிச்சுக்கறதுக்கு ஒண்ணு போதாதுங்களா?" என்றவர் என் முக்காட்டைப் பார்த்தார். "அதென்ன, தலை இப்புடிக் கெடக்குது? உக்காரு கண்ணு."

சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். அவர் விரல் தலையில் பட்டதும் நான் விம்மி அழுதேன். அவர் பின்னலை இறுக்கி முடிந்தார்.

மறுநாள் பஸ்ஸில் காப்பீட்டைப் பற்றிச் சொன்னேன். "அதுல எனக்கும் எதாச்சும் வருமுங்களா?" என்றார்.

"இல்லக்கா. பிறவியிலேயே இருக்கிறதுக்கு அவங்க தர மாட்டாங்க. நல்லா இருக்கும்போதே பிரீமியம் கட்டியிருக்கணும். அதுக்கப்புறம் விபத்து நடந்திருக்கணும்."

"கவர்மென்ட்டுல அப்புடிக் கேக்கலீங்களே. காலைப் பார்த்தாங்க, குடுத்தாங்க. கொஞ்சந்தான். ஆனா வருது." ஒரு வாழைப்பழத்தை உரித்து என் இடது கையில் வைத்தார்.

மருத்துவக் குழு எனக்குச் சான்று கொடுத்தது. அதைக் காட்டியும் கம்பெனி இழுத்தடித்தது. விடாமல் ஜெபித்தேன், விடாமல் எழுதினேன். கடைசியில் தொகையை ஒரே தடவையில் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். பெரிய உதவி, மறுக்க மாட்டேன். அரசு தருவது சிறியது, வரவும் தாமதமானது. இப்போது மாதாமாதம் வருகிறது. சகோதர சகோதரிகளே, கைகால் நன்றாக இருக்கும்போதே காப்பீடு எடுங்கள். எது எதற்குத் தருவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அரசிடம் விண்ணப்பிக்க வெட்கப்படாதீர்கள்.

இன்று இடது கையால் எழுதப் பழகி, சோளக்காட்டிலேயே ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். மலையிலிருந்து முகாமுக்குத் தனியாகப் போக முடியாதவர்களோடு நானும் போகிறேன். தனிமை முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஞாயிறு மத்தியானங்கள் இன்னும் நீளமாகத்தான் இருக்கின்றன. ஆனால் கைவிடப்பட்டேன் என்று இப்போது சொல்வதில்லை.

பழனியம்மா அக்கா தன் சாமியைத்தான் கும்பிடுகிறார். "உங்க சாமிகிட்ட என் பேரையும் சொல்லி வையுங்க" என்பார். சொல்கிறேன். உங்கள் தேவை எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நீங்களும் ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.