பேஷன்ஸ் வீட்டு பைபிளும் அம்மாவின் செபப்புத்தகமும்

எமில்டா மன்னார் அரசாங்கக் கச்சேரியில் பதினொரு வருடம் ரைப்பிஸ்ற்றாக இருந்தவள். தொண்ணூற்று நாலில், கனடாவில், ஸ்காபரோவிலிருந்து விட்பிக்கு ரயிலேறிப் போய் மிஸிஸ் பென்ரன் என்ற கிழவியின் வீட்டுக் குளியலறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ரைப் அடிக்கத் தெரியும் என்பது கிழவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து கழுவுகிற சம்பளத்துக்கே எழுத்துவேலையும் தலையில் விழுந்தது.

கிழவி, பேஷன்ஸ் என்ற தன் மூதாதைப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக்கால அமெரிக்காவில் பிறந்தவள். அங்கே சண்டை மூண்டதும், இங்கிலாந்து அரசன் பக்கம் நின்ற புருஷனோடு கனடாவுக்கு ஓடிவந்தவள். அப்படி வந்தவர்களின் வழித்தோன்றல்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர ஒவ்வொரு தலைமுறைக்கும் அத்தாட்சி காட்டவேண்டும்.

"நாங்களும் அகதிக் குடும்பம்தான், தெரியுமா?" என்று கிழவி பெருமையடிப்பாள். எமில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஏனென்றால் அவளுடைய அம்மா உண்மையிலேயே அகதி முகாமில் கிடந்தாள். அம்மாவைக் கனடாவுக்குக் கூப்பிட எமில்டா போட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நீ அவளுடைய மகள்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்கள். ஞானஸ்நானப் பதிவு கோயிலோடு எரிந்துபோனது. மிஞ்சியது அம்மாவின் செபப்புத்தகம். ஊர் வழக்கப்படி அதன் முதல் தாளில் ஆறு பிள்ளைகளும் பிறந்த நாள், நேரம், ஞானத்தாயின் பெயர் எல்லாம் அம்மா எழுதிவைத்திருந்தாள். இதை யாரும் எழுதலாம் என்று குடிவரவு அதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

"முப்பத்தெட்டு வருசத்து மையப்பா! கண் தெரியேல்லையோ அவருக்கு?" என்று எமில்டா புருஷன் றொபேட்டிடம் கத்தினாள். அதன்பிறகு அந்தப் புத்தகத்தைக் கைப்பையிலேயே கொண்டு திரிந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கிழவிக்கு ஒரு பழைய பைபிள் தாளின் பிரதி தபாலில் வந்தது. பேஷன்ஸ் தன் மகள் பிறந்த நாளைக் கையால் எழுதிய தாள். கிழவி துள்ளாத குறை. சங்கத்துக்கான கடிதத்தைக் கிழவி சொல்லச் சொல்ல எமில்டா ரைப் அடித்தாள்: "ஒரு தாய் தன் பிள்ளை பிறந்த நாளை வேதப்புத்தகத்தில் பொய்யாக எழுதமாட்டாள். இதைவிட நல்ல அத்தாட்சி இல்லை."

இரண்டு பிரதியிலும் கிழவி கையெழுத்து வைத்தாள். எமில்டா செபப்புத்தகத்தை எடுத்து மேசையில் விரித்தாள். இதே இரண்டு வரியை என் அம்மாவுக்கும் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள்.

கிழவி தாளைத் தடவிப் பார்த்தாள். "அழகான எழுத்து. ஆனால் இது வேறு விஷயம், எமில்டா."

"என்ன வேறு?"

"எங்கள் குடும்பத்தை எல்லோருக்கும் தெரியும்."

எமில்டாவுக்கு இங்கிலீஷ் மறந்துபோயிற்று.

"இருநூறு வருசத்துக்கு முன்னம் செத்தவள் எழுதினா அத்தாட்சி. உயிரோட இருக்கிற என்ர அம்மா எழுதினா பொய், என்ன?"

தமிழ் விளங்காமல் கிழவி மலங்க விழித்தாள். எமில்டா கடிதத்தின் ஒரு பிரதியை எடுத்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தாள். மேன்முறையீட்டில் அம்மாவின் தாளோடு சேர்த்து அனுப்ப அது போதும். குளியலறையைக் கழுவாமலே கோட்டை மாட்டிக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள்.