மெதுவாகப் போனால் மங்குகிற லைட்

என் ஸ்கூட்டருக்கு ஒரு குணம் உண்டு. வேகமாகப் போனால் முன் லைட் நன்றாக எரியும். மெதுவாகப் போனால் மங்கிவிடும். நின்றால் அணைந்த மாதிரிதான். நான் மெதுவாகப் போகிறவன். அதனால் அந்த வண்டியை வாங்கின நாளிலிருந்து எனக்கு முழு வெளிச்சம் கிடைத்ததே இல்லை.

வாங்கினது செகண்ட் ஹேண்டில். அப்போது நான் சென்ட்ரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகை அடித்து முட்டுக் கொடுக்கிற வேலை. மன்னார்புரம் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. விடிந்த பிறகு கிளம்பி இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். லைட்டைப் பற்றி நினைக்கவே அவசியம் வரவில்லை. வயசாகி வேலையை விட்டு, என் மனைவியைப் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்த பிறகுதான் வண்டியின் குணம் தெரிந்தது.

அவள் பூக்கட்டி விற்கிறவள். வீடு திருவானைக்காவலில். இருட்டு பிரிவதற்கு முன்பே ஸ்ரீரங்கம் போய் உதிரிப்பூ வாங்கி வந்து, கட்டி, வெயில் ஏறுவதற்குள் வாடிக்கை வீடுகளில் கொடுத்துவிட வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பாள்.

"மெதுவா போங்க."

மெதுவாகப் போவேன்.

"என்னங்க இது, ரோடே தெரியல?"

"மெதுவா போனா தெரியாது. வேகமா போனாத்தான் தெரியும்."

"தெரியாட்டிப் போவுது. மெதுவாவே போங்க."

இது எங்களுக்குப் புதுசும் இல்லை. கல்யாணமான புதிதில் என்னிடம் சைக்கிள் இருந்தது. டயரில் உரசிக்கொண்டு சுற்றுகிற டைனமோ வைத்த லைட். மிதிக்கிற மிதிக்குத் தக்க வெளிச்சம். சினிமா பார்த்துவிட்டு அவளைப் பின்னால் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் வருவேன். எதிர்க்காற்று தள்ளும், லைட் செத்துச் செத்துப் பிழைக்கும். அந்தக் காலத்தில் சைக்கிளில் டபுள்ஸ் போனாலும் பிடிப்பார்கள், லைட் இல்லாமல் போனாலும் பிடிப்பார்கள். பாலத்துக் கடைசியில் போலீஸ்காரர் நிற்பார். அவரைப் பார்த்ததும் கால் தன்னால் தளரும். கால் தளர்ந்தால் லைட் அணையும். ஒருநாள் அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இவள் பொத்தென்று குதித்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நான் யாரோ அவள் யாரோ என்று நடந்தாள். நானும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். போலீஸ்காரர் என்னை நிறுத்தி லைட்டைக் கேட்டார். இவள் நின்றுகூடப் பார்க்கவில்லை. மாம்பழச்சாலை வளைவு தாண்டி மரத்தடியில் நின்றுகொண்டு, "வாங்க, யாரோ ஒரு ஆளு, இடம் இருந்தா ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டாள். வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம்.

பேச்சு எங்கேயோ போகிறது. ஸ்கூட்டருக்கு வருகிறேன்.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் வேகத்தடை வந்தது. வேகத்தைக் குறைத்தேன். லைட் வழக்கம்போல் மங்கியது. வேகத்தடைக்கு அந்தப் பக்கம் கறுப்பு மாடு ஒன்று படுத்திருந்தது. மாடு எழுந்து போய்விட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள்தான் சாய்ந்தோம். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. காலிப் பையோடு போனதால் பூ தப்பித்தது என்று அவளே சொன்னாள். ஆனால் மறுநாளிலிருந்து ஏறவில்லை.

"உங்க மேல கோவம் இல்லங்க. எனக்கு நெஞ்சு படபடங்குது. நடந்தே போயிட்டு வரேன்."

ஆட்டோவுக்குக் கொடுத்தால் பூவில் என்ன மிஞ்சும்? பக்கத்துத் தெருவில் இன்னொரு பூக்காரப் பெண் இருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நடந்தார்கள். போக ஒரு நடை, சுமையோடு திரும்பி வர ஒரு நடை. இவளுக்கு முழங்கால் வீங்க ஆரம்பித்தது. சாயங்காலம் சுவரில் சாய்ந்து காலை நீட்டித் தைலம் தேய்ப்பாள். நான் தேய்த்துவிடுகிறேன் என்றால், "போங்க, ஒங்க கை சென்ட்ரிங் பலகையாட்டம் இருக்கு" என்பாள். தைல வாசனை வரும்போதெல்லாம் எனக்கு வாசலில் நிற்கிற வண்டி கண்ணை உறுத்தும். எப்படியாவது அவளைத் திரும்ப அதில் உட்கார வைக்க வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

என் கண்ணுக்கு ஆபரேஷன் ஏற்கெனவே ஆகியிருந்தது. அதனால் கோளாறு கண்ணில் இல்லை, லைட்டில்தான். கடைக்குப் போய், இருப்பதிலேயே பெரிய பல்பாகக் கேட்டு வாங்கி நானே மாட்டினேன். பழைய பல்பே தேவலை என்று ஆகிவிட்டது. பெரிய பல்பு, சின்ன வெளிச்சம். வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் போனேன். அவருக்கு என் மகன் வயசு இருக்கும்.

"ஐயா, இந்த லைட்டு பேட்டரியில எரியல. இஞ்சின் சுத்துறதுல வர்ற கரண்ட்டுல எரியுது. அது கொடுக்கிறதே கொஞ்சம். அதுல பெரிய பல்பைப் போட்டா எப்படிங்க? கால் படி அரிசியில ஊருக்கே சோறு கேட்ட மாதிரி."

"அப்ப என்னதாம்ப்பா பண்றது?"

"எல்.இ.டி போட்டுடலாம், அது கம்மியாத்தான் இழுக்கும். லைட்டுக்கு வயரைப் பேட்டரியிலேருந்து எடுத்துடுறேன். நீங்க நின்னாலும் எரியும், நடந்தாலும் எரியும்."

நின்றாலும் எரியும் என்ற சொல்லைக் கேட்டதும் மனசு குளிர்ந்துவிட்டது. மாட்டி முடித்து அவர் சொன்னார், "இருட்டினப்புறம் ஒரு தடவ கொண்டு வாங்கய்யா. செவுத்துல அடிச்சுப் பாத்து லைட்டைத் தணிச்சு வைக்கணும். இந்தப் பழைய டூமுக்குள்ள இந்த பல்பைப் போட்டா வெளிச்சம் நாலா பக்கமும் செதறும்."

அவர் சொன்னது காதில் விழுந்தது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு எதிர்ச் சுவரில் அடித்துப் பார்த்தேன். மாடி ஜன்னல் வரைக்கும் வெள்ளை வெளேரென்று ஏறியது. இவ்வளவு வெளிச்சத்தை எவனாவது தணிப்பானா? அவளிடம் மூச்சு விடவில்லை. மறுநாள் அவள் மார்க்கெட்டிலிருந்து சுமையோடு திரும்புகிற நேரம் பார்த்து எதிரே போய் நின்று, ஏறு என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

அப்படியே கிளம்பினேன். ரோட்டில் கிடந்த வாழை மட்டைகூடத் தெரிந்தது. எதிரே வந்தவர்கள் எல்லாம் எனக்கு லைட்டை அணைத்து அணைத்துப் போட்டுக் காட்டினார்கள். புது லைட்டைப் பார்த்துவிட்டார்கள் என்று நினைத்து நானும் தலையை ஆட்டிக்கொண்டு போனேன். பால் கேன் கட்டின வண்டிக்காரர் ஒருவர் மட்டும் நிறுத்தி, "யோவ் பெருசு, என்ன ஏரோப்ளேனா ஓட்டுற?" என்று கேட்டார். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ரயில் பாலம் தாண்டியதும் ரோட்டோரத்தில் இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். ஒருத்தி இடுப்பில் பூ மூட்டை. நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை. சந்தோஷத்தில் வண்டியை நேராக அவளைப் பார்த்து ஓரம் கட்டினேன். அவள் கையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு தடுமாறிப் பின்னால் போனாள். கால் சேற்றில் இறங்கியது. மூட்டை சரிந்தது.

"எந்தக் கட்டையில போறவன்டா அவன்! மூஞ்சியில கொண்டாந்து அடிக்கிறியே, நீ வெளங்குவியா? ஒன் பொண்டாட்டி ரோட்டுல நடக்க மாட்டாளா?"

நான் லைட்டை அணைத்தேன்.

"நடக்கிறா. அவளத்தான் கூப்பிட வந்தேன்."

கூட வந்த பெண்தான் முதலில் சிரித்தாள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரரு!"

இவள் சிரிக்கவில்லை. இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். "அன்னிக்குப் பாலத்துல தெரியாத ஆளு மாதிரி நடந்தேன். இன்னிக்கு நெசமாவே நீங்க யாருன்னு தெரியல. வெள்ளையா ஒரு குழி, அவ்வளவுதான். ஒரு நிமிஷம் காவாய் எந்தப் பக்கம், ரோடு எந்தப் பக்கம்னே புரியலங்க."

சேற்றிலிருந்து அவள் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். மல்லி கொஞ்சம் கீழே கொட்டியிருந்தது. மூன்று பேரும் குனிந்து பொறுக்கினோம்.

"ஒன்ன ஏத்திக்கிட்டுப் போகத்தான் இதெல்லாம் பண்ணேன்" என்றேன்.

"ஏறிக்கிட்டா நான் பின்னால இருப்பேன். எனக்குக் கண்ணு கூசாது. இவ நடக்கிறாளே, இவளுக்கு? தெனம் எத்தனை பேரு பூவைத் தூக்கிக்கிட்டு இந்த ஓரத்துல வர்றாங்க?"

அன்றைக்கு அவள் ஏறவில்லை. மூட்டையை மட்டும் பின் சீட்டில் வைத்துக் கட்டினாள். லைட்டைப் போடாமல் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தேன், அவர்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நடந்தார்கள்.

சாயங்காலம் மெக்கானிக் கடைக்கு அவளும் கூட வந்தாள். இருட்டும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, திருகாணியைத் திருகித் திருகி வெளிச்சத்தைக் கீழே இறக்கினார். அவள் போய்ச் சுவர் ஓரத்தில், நடந்து வருகிறவள் மாதிரி நின்றாள்.

"இன்னும் எறக்குங்க தம்பி. கண்ணுல அடிக்குது... இன்னும்... ஆங், இப்ப இடுப்போட நிக்குது."

அந்தக் காலத்து லாரி லைட்டில், எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாமலிருக்க, நடுவே கறுப்பு பெயிண்ட் வைத்திருப்பார்கள். அது அவளுக்கு ஞாபகம் இருந்தது. பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, பெரிய பொட்டாக ஒன்றைப் பிரித்து லைட் கண்ணாடியின் நடுவில் ஒட்டினாள். "இதுக்கு ஒண்ணும் மறைக்காதும்மா" என்று மெக்கானிக் சிரித்தார். "இருக்கட்டும், திருஷ்டிக்காச்சும் ஆவட்டும்" என்றாள்.

மறுநாள் விடியலில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் வாசலில் நின்று லைட்டைப் பார்த்தாள். வண்டி நின்றுகொண்டிருந்தது, லைட் எரிந்துகொண்டிருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"மெதுவா போங்க."

மெதுவாகப் போனேன். தெரு முனையில் யாரோ நடந்து வருவது தெரிந்தது. பின்னாலிருந்து என் தோளில் ஒரு தட்டு.

"டிம் அடிங்க."

அடித்தேன். அந்த ஆள் தாண்டிப் போனதும் இன்னொரு தட்டு. மறுபடி லைட்டை ஏற்றினேன். ஸ்ரீரங்கம் வரைக்கும் அப்படித்தான் போனோம். இப்போதும் அப்படித்தான் போகிறோம். சில நாள் எதிரே ஆளே இல்லாதபோதும் தட்டுகிறாள். கேட்டால், மாடு படுத்திருந்தாலும் இருக்கும், அதுக்கும் கண்ணுதானே என்கிறாள்.