அவசரம் இல்லை

படிப்பை நிறுத்திவிட்ட பிள்ளைகளைப் பற்றிப் பேசச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அலைந்தே என் செருப்பு தேய்ந்துவிட்டது. கூட்டத்தில் ஊர்வலம் நடத்தலாம் என்பார் ஒருவர். பெற்றோருக்குப் புத்தி சொல்லலாம் என்பார் இன்னொருவர். நான் ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் தமிழ்த் தொடக்கப்பள்ளி வாத்தியார். இங்கே ஐந்தாவது முடித்துத் தெலுங்கு ஹைஸ்கூலுக்குப் போகிற பிள்ளை பாடம் புரியாமல் முழிக்கிறது, தெலுங்கு சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைப் போடுங்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வேன். தலையாட்டுவார்கள். பிறகு டீ வரும்.

என்னிடம் படித்த சுட்டியான பெண்ணொருத்தி ஏழாவதில் அப்படித்தான் நின்றுவிட்டாள். விசாரிக்க வந்த அதிகாரியை அவள் வீட்டுக்கு நானே அழைத்துப்போனேன். அவள் அம்மா திருத்தணிப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். தெலுங்கு அரைகுறைதான்.

"அம்மாய்க்கி சதுவு அவசரம் கதா அம்மா?" என்றார் அதிகாரி.

"அவசரம் ஒண்ணும் இல்ல சார். பாஷை புரியாம அழுதுகினு வருது. மெதுவா கத்துக்கட்டும், அப்புறம் அனுப்பறேன்."

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. பெண்ணுக்குப் படிப்பு தேவைதானே என்று அவர் கேட்டார். தேவையில்லை என்று தாயே சொன்னதாக எடுத்துக்கொண்டார். மீதியைக் கேட்கவே இல்லை. ஜீப் வரைக்கும் பின்னாலேயே போய் விளக்கினேன். "ஏதைனா ஒகட்டே மாஸ்டாரு," எல்லாம் ஒன்றுதான் என்று சிரித்துவிட்டுக் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டதைத்தான் அந்தத் தாயும் கேட்டாள். ஆளும் வரவில்லை, அந்தப் பெண்ணும் பள்ளிக்குப் போகவில்லை.

இரண்டு மாம்பழ சீசன் போயிற்று. ஒருநாள் ஜூஸ் ஃபேக்டரி வேனிலிருந்து அவள் இறங்கினாள். கூட வந்த பெண்களிடம் தெலுங்கில் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"எப்பம்மா கத்துக்கினே?"

"வேன்ல பேசிக்கினு போவோம் சார். தானா வந்துட்சி."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இனிமேல் பாடம் புரியுமே, ஹைஸ்கூலில் நானே பேசிச் சேர்த்துவிடுகிறேன், வருகிறாயா என்றேன்.

அவள் என்மேல் பாவப்பட்டவள்போலப் பார்த்தாள்.

"அவசரம் லேது சார்."

அம்மா சொன்ன அதே வார்த்தை. இவள் தெலுங்கில் சொன்னாள்.