மஞ்சப்பாறையின் அறுபத்தொரு புள்ளிகள்

துபாயின் அல் கூஸில் ஒரு காப்பிக் கிடங்கு. அதன் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், பதினோரு வருஷமாக சீதாலட்சுமி உட்கார்ந்திருக்கிறாள். டாக்குமென்டேஷன் அவள் வேலை. மூட்டை கீழே வரும், காகிதம் மேலே வரும். காகிதம் சரியாக இருந்தால் மூட்டை கப்பலேறும். அவ்வளவுதான் தொழில். காப்பிக் கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்தும் அவள் குடிப்பதென்னவோ தெருமுனைக் கடையின் கரக் டீ. கேட்டால், வாசனை பழகிப் போய் ருசி விட்டுப்போச்சு என்பாள்.

மதுரையில் பி.காம். முடித்தவள். கணவர் கௌரிசங்கர் ஏசி கம்பெனியில் எஸ்டிமேட்டர். கராமாவில் இரண்டு அறை ஃபிளாட். அதில் ஓர் அறையில் இன்னொரு குடும்பம். காலையில் மெட்ரோ, அப்புறம் பஸ். இதற்கு முன்பு மீன், டைல்ஸ், பழம் என்று மூன்று கம்பெனிகளில் இருந்துவிட்டாள். பழக் கம்பெனியில் இருந்தபோதுதான் கடைசியாக ஆபீஸில் அழுதாள். சான்றிதழில் ஒரு தேதி பிசகியதால் ஒரு கன்டெய்னர் மாம்பழம் துறைமுகத்தில் நின்று அழுகிப் போனது. அனுப்பிய ஆள் போனில் அழ, இவளும் அழுதாள். மேனேஜர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். அதோடு அடுத்த ஃபைலையும் தள்ளினார். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை மரத்துப் போயிற்று. வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பல்லுக்கு ஊசி போட்டவர்கள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களே, அதுபோல அவளும் சில நாள் தன்னைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் தெரியாது.

இப்படிப்பட்டவளிடம்தான் ஐரோப்பா தன் காட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து கொடுத்தது. 2020 முடிந்த பிறகு காடாக இருந்ததை வெட்டி அந்த மண்ணில் விளைவித்த காப்பி எங்கள் ஊருக்குள் வரக்கூடாது என்றது அது. ஒவ்வொரு தோட்டமும் பூமியில் எங்கே இருக்கிறது என்று புள்ளி வைத்துக் காட்டு. பத்து ஏக்கருக்குள் என்றால் ஒரு புள்ளி போதும். அந்தப் புள்ளியில் மரம் இருந்ததா, எப்போது போனது என்று வானத்திலிருந்து எடுத்த படம் சொல்லிவிடும்.

தன் காட்டைப் பாட்டன் காலத்திலேயே வெட்டி உழுது முடித்தவர்கள் இப்போது அடுத்தவன் காட்டுக்குக் காவல் வருகிறார்களே என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும். அதற்காகச் சட்டம் தப்பு என்றும் சொல்லிவிட முடியாது. காப்பிக்காக மரம் விழுவது ஊரறிந்த விஷயம். மலை அணில் போய் யாரிடம் பட்டா கேட்கும்? ஐரோப்பாவிலேயே இதற்கு ஆயிரம் இழுபறி. காடு வேண்டும் என்று ஒரு கட்சி, வியாபாரம் படுத்துவிடும் என்று ஒரு கட்சி. அங்கே விவசாயிகள் டிராக்டரோடு சாலைக்கு வந்தபோது, அவர்களுக்கு வைத்திருந்த சுற்றுச்சூழல் நிபந்தனைகள் சிலவற்றைத் தளர்த்தினார்கள். காட்டுச் சட்டத்தின் தேதியையும் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். வாங்குகிற கம்பெனிகள் மட்டும் தள்ளவில்லை, இப்போதே புள்ளி கொடு என்றன. மஞ்சப்பாறையில் டிராக்டரும் ஏறாது.

மஞ்சப்பாறை பழநி மலையின் கீழ்ச்சரிவில் இருக்கும் சின்ன ஊர். அங்கே அறுபத்தொரு பேர் ஒரு சங்கம் வைத்துக் காப்பி பயிரிடுகிறார்கள். சங்கச் செயலாளர் பெயர் சோலைமுத்து. போன வருஷம் மார்ச் மாதம் அவர்கள் மூட்டைகள் அல் கூஸ் கிடங்குக்கு வந்து சேர்ந்துவிட்டன. ஜெர்மனியில், ஹாம்பர்க்கில் ஒரு கம்பெனி நல்ல விலைக்கு வாங்கத் தயார். வியாழக்கிழமைக்குள் அந்தக் கம்பெனியின் போர்ட்டலில் புள்ளிகளை ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் சரக்கு உள்ளூர்ச் சந்தையில் சாதாரணக் காப்பியோடு காப்பியாகப் போகும். அடுத்த வருஷம் அந்த மலைக்கு யாரும் வாங்க வரமாட்டார்கள்.

சோலைமுத்து அனுப்பிய பட்டியலை ஞாயிறன்று சீதாலட்சுமி ஏற்றிப் பார்த்தாள். மேப்பில் ஒரே ஒரு புள்ளி தெரிந்தது. ஸ்கிரீன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து மூடித் திறந்தாள். மறுபடியும் ஒரே புள்ளி. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒரு தகரக் கூரை. அது சங்கத்தின் எடைக் கொட்டகை. அறுபத்தொரு பேரையும் அங்கே வரவழைத்து, ஒவ்வொருவர் பேரையும் கூப்பிட்டு, நின்ற இடத்தில் நின்றபடியே சோலைமுத்து போனை அமுக்கியிருக்கிறார்.

போன் போட்டுச் சொன்னாள். எல்லாரும் இங்கேதானே காப்பியைக் கொண்டுவந்து போடுகிறோம், அப்புறம் வேறெது இடம் என்று அவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். தோட்டம் தோட்டமாக எடுக்க வேண்டும் என்று விளக்கியதும், மூன்று நாள் கொடுங்கள் மேடம், நானே ஏறி இறங்கி எடுத்துவிடுகிறேன் என்றார்.

மேனேஜர் ராஜிக்குக்கு மூன்று நாள் பொறுக்கவில்லை. கோழிக்கோட்டுக்காரர், கெட்டவர் அல்ல, அவசரக்காரர்.

"மேடம், தோட்டம் அந்த மலையிலதானே? மலை அங்கயேதானே இருக்கு? நீங்களே பரத்தி வைச்சிடுங்க. அரை மணிக்கூர் வேலை. யல்லா, சீக்கிரம்."

அரை மணி ஆகவில்லை, இரண்டரை மணி ஆயிற்று. சீதாலட்சுமி எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்கிறவள். பொய்யையும் ஒழுங்காகவே செய்தாள். கூரை மேல் படாமல், ஓடை மேல் படாமல், அடர்ந்த பச்சையில் படாமல், இளம்பச்சையாகத் தோட்டம்போல் தெரிகிற இடமாகப் பார்த்து ஒவ்வொருவரையும் குடிவைத்தாள். ஒரே தகப்பன் பேர் போட்டவர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். சோலைமுத்துவுக்கு ஓடையோரம் கொஞ்சம் சமதளமாகக் கொடுத்தாள். போர்ட்டலில் ஏற்றிச் சோதித்தபோது அறுபத்தொன்றுக்கும் பச்சை டிக் விழுந்தது. சேமித்து வைத்துவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டாள்.

சொன்னபடி புதன்கிழமை சோலைமுத்துவின் இரண்டாவது பட்டியல் வந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு போட்டோ. தோட்டக்காரர் செடிக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கிறார், ரேஷன் கார்டுக்கு நிற்கிற மாதிரி. சில படங்களில் சோலைமுத்துவின் காலும் விழுந்திருந்தது. அட்டை கடித்த இடங்களில் சுண்ணாம்பு தடவியிருந்தார்.

ஏற்றினாள். ஐம்பத்துநாலு பச்சை, ஏழு சிவப்பு. சிவப்பில் ஒன்று சோலைமுத்துவினுடையது. அந்த ஏழும் மற்றதெல்லாவற்றுக்கும் மேலே, மலைமுகட்டுப் பக்கம் இருந்தன. பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். 2020இல் அங்கே கம்பளி விரித்ததுபோல் காடு. அதற்கப்புறம் அந்தக் கம்பளியில் ஏழு பொத்தல்.

போனில் அவர் எதையும் மறைக்கவில்லை. கொரோனாவுக்கு மறுவருஷ மழையில் கீழ்ச்சரிவு அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விட்டது. ஏழு பேர் தோட்டம் மண்ணோடு ஓடைக்குள் இறங்கிவிட்டது. பாறைதான் மிச்சம். மனு கொடுத்தார்கள், யாரும் வந்து பார்க்கவில்லை. மேலே ஏறி ஆளுக்கு அரை ஏக்கர் வெட்டினார்கள். அது புறம்போக்கு, ஃபாரஸ்ட் கோடு அதற்கும் மேலே என்றார். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு. நின்ற இடத்தில் நின்றுதான் அமுக்கினேன், ஒன்றுகூடப் பொய் இல்லை என்று இரண்டு தரம் சொன்னார்.

ஏழை மட்டும் நீக்கிவிட்டு அனுப்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. அறுபத்தொரு பேர் பழமும் அந்த ஒரே கொட்டகையில் ஒன்றாகக் கொட்டி, உலர்த்தி, மூட்டை கட்டியது. கலந்துவிட்ட சரக்கில் ஒரு பிடி ஆகாது என்றால் மொத்தமும் ஆகாது, சட்டம் அப்படி. உண்மையான பட்டியலை அனுப்பினால் ஐம்பத்துநாலு பேரும் சேர்ந்து விழுவார்கள். பொய்ப் பட்டியல் ஏற்கெனவே பச்சை டிக்கோடு காத்திருக்கிறது. ராஜிக் வாசலில் நின்றபடியே, ஒரு லிஸ்ட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு, கலாஸ், முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுபத்தொரு குடும்பத்தை நினைத்து மனமிரங்கி அவள் பொய்ப் பட்டியலை அனுப்பினாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. ஹாம்பர்க்குக்கு நிலைமையை விளக்கி ஒரு கடிதம் எழுதலாம் என்று நினைத்தாள், நாலு வரி எழுதவும் செய்தாள். கைவிரல் மரத்தது, உதறிக்கொண்டாள். மணி ஐந்தாகப் போகிறது, பஸ்ஸை விட்டால் அடுத்தது அரைமணி கழித்துத்தான். கடிதத்தை அழித்துவிட்டு, சேமித்து வைத்திருந்த பழைய பட்டியலுக்கு அனுப்பு பொத்தானை அமுக்கினாள்.

அடுத்த வாரம் சோலைமுத்து கூப்பிட்டார்.

"மேடம், நான் எடுத்ததெல்லாம் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கண்ணே."

"மேல இருக்கிற ஏழுமா?"

"எல்லாம்தான்."

அவர் சந்தோஷமாகச் சிரித்தது கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, அடுத்துக் கப்பலேற வேண்டிய மிளகு ஃபைலை எடுத்தாள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் மஞ்சப்பாறையை நினைக்கவே இல்லை.

இந்த வருஷம் மார்ச்சில் பட்டியல் தானாகவே வந்தது, யாரும் கேட்பதற்கு முன்பே. பேர் அதே அறுபத்தொன்று. புள்ளி மட்டும் எழுபத்தொன்பது. ஏற்றியதும் மேல்முகட்டில் பழைய ஏழைச் சுற்றிப் பதினெட்டுச் சிவப்பு புதிதாக எழுந்தது. கம்பளி அந்தப் பக்கம் கிழிந்தே போயிருந்தது. போட்டோக்களும் இருந்தன. செடி முழங்கால் உயரம்கூட இல்லை. சுற்றிலும் அடிமரக்கட்டைகள், அறுத்த இடம் இன்னும் வெளுப்பாக.

உடனே போன் போட்டாள். சோலைமுத்து மேலேதான் இருந்தார். பின்னால் மோட்டார் ரம்பம் ஓடும் சத்தம்.

இதெல்லாம் என்ன என்று கேட்டாள். அவர் பெருமையாகவே சொன்னார். பன்னிரண்டு இடத்தில் நட்டாகிவிட்டது, ஆறு இடத்தில் இப்போது வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். காய்க்க இன்னும் மூன்று நாலு வருஷம் ஆகும், ஆனாலும் கடைசி நேரத்தில் மேடத்தைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று முன்கூட்டியே நடந்து எடுத்துவிட்டார். கீழே இடமே இல்லை. ஊரில் எல்லாருக்கும் முன்பு பயம் இருந்தது, மேலே கை வைத்தால் வெள்ளைக்காரன் வாங்கமாட்டான் என்று. அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் சும்மா இருந்தார்கள்.

"போன வருசம் அந்த ஏழையும் வானத்துல இருந்து பாத்துட்டுச் சரின்னுட்டாங்கல்ல மேடம். நான்தான் சங்கக் கூட்டத்துல எந்திரிச்சுச் சொன்னேன். ஒளிக்காம உள்ளபடி காட்டுனோம், ஒத்துக்கிட்டாங்க, இனி தைரியமா வெட்டலாம்னு."

சீதாலட்சுமி எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு சின்ன இடம் சுருக்கென்று வலித்தது.

"சோலைமுத்துண்ணே, நீங்க நடந்து எடுத்த லிஸ்ட்டை நான் அனுப்பல."

எந்த லிஸ்ட் என்றார். போன வருஷத்து லிஸ்ட் என்றாள். தான் துபாயில் உட்கார்ந்து இடம் பார்த்துப் புள்ளி வைத்ததையும், அவருக்கு ஓடையோரம் கொடுத்ததையும், உண்மையான பட்டியலை யாருமே பார்க்கவில்லை என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல, ஓடையோரம் என்றால் அவருடைய பழைய தோட்டம் வழுக்கிப்போன பாறையாக இருக்குமோ என்றுகூடத் தோன்றியது. அதைக் கேட்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கணக்குப் புரியாத ஆள் மாதிரி மெதுவாகக் கேட்டார்.

"அப்ப மேல வெட்டலாம்னு ஒத்துக்கிட்டது யாரு மேடம்?"

"நான்தான்ண்ணே."

அப்புறம் அவர் ஓட ஆரம்பித்தார். போனைக் கையிலேயே பிடித்தபடி சரிவில் ஓடுகிறார் என்பது மூச்சிரைப்பிலும் செருப்புச் சத்தத்திலும் தெரிந்தது. நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா என்று கத்தினார். ரம்பம் ஓடிக்கொண்டே இருந்தது. அறுப்பவர்கள் காதில் விழவில்லை போலிருக்கிறது. இன்னொரு தரம் கத்தினார், குரல் உடைந்துவிட்டது. ஒரு மரம் முறிகிற சத்தம் நீளமாகக் கேட்டது. ராஜிக் கதவைத் திறந்து மிளகு ஃபைல் ரெடியா என்று கேட்டார். சீதாலட்சுமி போனைக் காதிலிருந்து எடுக்காமல் அழுதுகொண்டு நின்றாள்.