தோத்திரம் சொல்லாத பிள்ளை

எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் மாலை ஜெபமாலை முடிந்ததும் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் வந்து கைகூப்பி, "தோத்திரம்" என்பார்கள். பெரியவர்கள் அவர்கள் நெற்றியில் சிலுவை போடுவார்கள். கல்யாணமாகி வெகுகாலம் எனக்கு முன்னால் அப்படி வந்து நிற்க யாருமில்லை. அபுதாபியைச் சேர்ந்த ருவைஸில் என் கணவர் எண்ணெய் ரிஃபைனரியில் ஷிப்ட் டெக்னீஷியன், நான் கிளினிக்கில் நர்ஸ். இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபித்து, இரண்டு பேரும் எழுந்து சாப்பிடப் போவோம்.

ஊரில் கன்னியர் நடத்தும் ஓர் இல்லத்தில் தத்தெடுக்கக் கேட்டோம். கைக்குழந்தைக்கு வரிசை நீளம். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், யோசித்துச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இருந்தது.

"ஒம்பது வயசுன்னா எல்லா வெவரமும் தெரியும்லா மக்களே, ஒட்டுமா?" என்று போனில் கேட்டார்.

"ஒட்டலேன்னா பசை வாங்கி ஒட்டிக்கிடுதேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வாய்தான் அப்படி. உள்ளுக்குள் எனக்கும் அதே கேள்விதான்.

கோர்ட், பாஸ்போர்ட், விசா என்று இழுத்தடித்து ஒருவழியாக வந்து சேர்ந்தாள். அன்றைக்கே ஜெபமாலை முடிந்ததும் எழுந்து நின்று, கைகூப்பி, தலையைத் தாழ்த்தி, "தோத்திரம்மா, தோத்திரம்பா" என்றாள். நான் அவள் நெற்றியில் ஒன்றுக்கு இரண்டாகச் சிலுவை போட்டேன். உடனே அம்மாவுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

தங்கமான பிள்ளை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டாள். குவார்ட்டர்ஸில் மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் திட்டும்போது இவளைத்தான் உதாரணம் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கோடை லீவு முடிந்த சமயத்தில் எல்லாம் தலைகீழானது. தட்டு மேசையிலேயே கிடந்தது. ஃபிரிட்ஜ் கதவு பாதி திறந்தே நின்றது. ஒருநாள் கடைசி ஆமெனோடு எழுந்துபோய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். தோத்திரம் இல்லை. மறுநாளும் இல்லை. கூப்பிட்டுச் சொல்லவைத்திருக்கலாம். கேட்டு வாங்குகிற தோத்திரம் எனக்கு வேண்டாம் என்று ஒரு வீம்பு.

"பிள்ளைக்கு நம்மள பிடிக்காமப் போச்சு" என்றேன் கணவரிடம்.

"பசிச்சிருக்கும், விடு" என்றார். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் எல்லாவற்றுக்கும் பசிதான் காரணம்.

எனக்கு விட முடியவில்லை. கோர்ட் அவளை முதலில் எங்கள் பராமரிப்பில்தான் விட்டிருந்தது; தத்து இன்னும் உறுதியாகவில்லை. அபுதாபியிலிருந்து சமூகப் பணியாளர் ஒருவர் வந்து அவளிடம் தனியாகக் கேட்பார். இங்கே இருக்க இஷ்டமில்லை என்று அவள் சொல்லிவிட்டால், இல்லத்துக்கே திரும்பிப் போய்விடலாம்.

ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் விடுமுறை நாளில், அந்தப் பெண்மணி வந்தார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசினார்கள். நான் கிச்சனில் நின்று, டீக்குச் சர்க்கரை போட்டேனா என்று தெரியாமல் மறுபடியும் போட்டேன். வெளியே வந்தவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாயசமாகிப்போன டீயைக் குடித்துவிட்டு, "ரிப்போர்ட் அனுப்பிடுறேன்" என்று மட்டும் சொல்லிக் கிளம்பினார்.

பிள்ளை வாசலுக்கு ஓடி வந்தாள். கைகூப்பி, தலையைத் தாழ்த்தி, "தோத்திரம் ஆன்ட்டி" என்றாள்.

கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன். "அவங்களுக்கு மட்டும் சொல்லத் தெரியுதோ?"

"அவங்க போறாங்கல்லா" என்றாள், இது கூடவா தெரியாது என்பதுபோல. "ஹோமுக்கு எங்களைப் பாக்க வாறவங்க கெளம்பும்போது நாங்க வரிசையா நின்னு தோத்திரம் சொல்லணும். சிஸ்டர் சொல்லிருக்காங்க."

"வந்த புதுசுல எங்களுக்கும் தெனமும் சொன்னியே?"

"நீங்களும் போயிருவீங்கன்னு நெனச்சேன்."

நான் அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை மாதமும் விருந்தாளிக்குக் காட்டுகிற மரியாதையைப் பாசம் என்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பாசம் வந்தபோதோ தட்டைக் கழுவவில்லையே என்று கவலைப்பட்டிருக்கிறேன். அழுகை வந்தது, அழுதேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

அன்று மாலையும் ஆமென் சொன்ன கையோடு டிவிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய், நெற்றியில் சிலுவை போட அவள் முன்னால் குனிந்தேன்.

"மறைக்காதம்மா, தள்ளு" என்று என் இடுப்பைப் பிடித்து நெட்டினாள்.

தள்ளி நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, "பிள்ளை ஒட்டிட்டாம்மா" என்றேன்.