சோற்றுக்கு முன்னால் ஒரு போட்டோ

“உங்க அக்காவுக்கு மறுபடியும் முத்திடுச்சும்மா. சனிக்கிழமை டாக்டர் வர்றாங்க, டோஸை ஏத்தச் சொல்லப்போறேன். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுங்க.”

அக்கா இருக்கும் மனநலக் காப்பகத்தின் பொறுப்பாளர் போனில் இதைச் சொன்னபோது, நான் அரிசி ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. சம்பா வந்து குவிகிற நேரம், வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். தூங்குகிறாளா? தூங்குகிறாள். மாத்திரை போடுகிறாளா? போடுகிறாள். தனக்குத்தானே பேசுகிறாளா, யாரையாவது அடித்தாளா, குளிக்க மாட்டேன் என்கிறாளா? இல்லை, இல்லை, இல்லை.

“அப்புறம் என்ன சார் முத்திடுச்சு?”

“அன்னதானம் பண்ண வந்தவங்க முன்னாடி, தட்டால மூஞ்சிய மூடிக்கிட்டாங்கம்மா. சாப்பிடாம எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டாங்க.”

அக்காவுக்கு மனச்சிதைவு நோய். அம்மா இருந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அம்மா போன பிறகு அப்பாவாலும் என்னாலும் முடியவில்லை. பட்டுக்கோட்டை சாலையில் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கும் இந்தக் காப்பகத்தைத் தேடிப்பிடித்தவள் நான். அதற்கு முன் பல இடங்கள் பார்த்தேன். குளியலறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் சொந்தச் சீப்பும் சோப்பும் உண்டா, மாத்திரைகள் ஆளுக்கொரு டப்பாவில் இருக்கின்றனவா, ராத்திரி எழுந்தால் தண்ணீர் கைக்கெட்டுமா என்று பார்த்தேன். ஓர் இடத்தில் எல்லாப் பெண்களுக்கும் முடியை ஒட்ட வெட்டி, துவைத்த குவியலில் கைக்கு வந்த நைட்டியை மாட்டிவிட்டிருந்தார்கள். அங்கே தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டேன். இந்தக் காப்பகம் எல்லாவற்றிலும் தேறியது. சோறு எப்படித் தட்டுக்கு வருகிறது என்பதை மட்டும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

இப்படிப்பட்ட இடங்களில் பாதி நாள் மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வரும். பிறந்தநாள், கல்யாண நாள், இறந்தவருக்கு நினைவு நாள். கொடுப்பதில் எனக்குச் சண்டை இல்லை. கொடுக்கும் முறையில்தான். எல்லோரும் காலித் தட்டோடு கூடத்தில் வரிசையாக உட்கார வேண்டும். பொறுப்பாளர் மைக்கைப் பிடித்து, கொடுத்தவர்களின் குடும்பம், தொழில், நல்ல குணம் எல்லாவற்றையும் சொல்வார். பிறகு அவர்களுக்காகப் பிரார்த்தனை, ஒரு பாட்டு, எல்லோரும் சேர்ந்து சத்தமாக நன்றி. கடைசியில் கைகூப்பி ஒரு போட்டோ. அதுவரை சாம்பார் வாளி எதிரிலேயே ஆவி விட்டுக்கொண்டிருக்கும். வந்தவர்கள் தாமதித்தால் எல்லாமே தாமதம். அக்கா போடும் மாத்திரை பசியைக் கிளப்பிவிடும் மாத்திரை. அந்தப் பசியை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். உலை கொதிக்கும் முன்பே அடுப்படிக்கு வந்து நிற்பாள்.

சனிக்கிழமை நான் போனபோது அக்கா வேப்பமரத்தடியில் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, கம்பெனிக்கு லீவா? இல்ல என்னையும் மெஷின்ல போட்டு ஈரப்பதம் பாக்க வந்தியா?”

“சாப்பிடாம எந்திரிச்சுப் போனியாமே?”

“பசி தாங்கல. செத்துப்போன யாரோ ஒரு மாமா நல்லவருன்னு அரை மணி நேரம் பேசினாங்க. சரி, நல்லவராவே இருக்கட்டும். அப்புறம் ஒருத்தன் போனைத் தூக்கிக்கிட்டு வந்து, கும்பிடுங்க, சிரிங்கங்கறான். செத்தவரு போட்டோவுக்கு முன்னாடி எதுக்குடி சிரிக்கணும்?”

“நீ என்ன சொன்ன?”

“சோறு போடறதுன்னா போடுங்க, போட்டோ எடுக்கறதுன்னா எடுங்க, ரெண்டையும் ஒண்ணாப் பெசையாதீங்கன்னேன். தப்பா?”

தப்பில்லை என்றேன். அவள் சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டி எறிந்துவிட்டு, வேறு எங்கோ பார்த்தபடி, “அம்மா கொல்லையில பாத்திரத்தை வச்சுட்டு வந்தது ஞாபகம் வந்துச்சு” என்றாள்.

அம்மா நடவுக்குப் போனவள். ஒருமுறை நிலக்காரர் வீட்டு விசேஷத்துக்கு ஆட்களைக் கொல்லைப்பக்கம் நிற்கவைத்து, கும்பிட்டுச் சோறு வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்களாம். “வேலைக்குச் சோறு. கும்பிட்டதுக்குச் சோறு வேண்டாம்” என்று அம்மா பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். நான் அப்போது பிறக்கவில்லை. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் பசியோடு திரும்பி நடந்தவள் அக்கா. அம்மா செய்ததை ஊரில் திமிர் என்றார்கள். அக்கா செய்ததை இங்கே நோய் என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. இரண்டுக்கும் மருந்து தேவையில்லை.

தஞ்சாவூரிலிருந்து வந்த டாக்டரம்மா அவசரப்படாதவர். பொறுப்பாளர் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினார்.

“அன்னைக்கு ஏன் சாப்பிடல?”

“கோவம், டாக்டர்.”

“இப்ப குரல் ஏதாவது கேக்குதா?”

“ஒரே ஒரு குரல் கேக்குது.”

பொறுப்பாளர் ‘நான் சொல்லல?’ என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“அய்யா மைக்ல பேசறது. அதுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா டாக்டர்?”

டாக்டரம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பிறகு தூக்கம், கைநடுக்கம், மாதவிடாய் எல்லாம் விசாரித்துவிட்டு, “டோஸை மாத்தற அளவுக்கு எதுவும் இல்ல. சாப்பாட்டை மட்டும் நேரத்துக்குக் கொடுங்க” என்று எழுதினார்.

பொறுப்பாளர் என்னைத் தனியே கூப்பிட்டார். கெட்டவர் இல்லை அவர். மழைக்காலத்தில் ராத்திரி முழுக்க விழித்து, ஒழுகும் அறையிலிருந்து கட்டில்களைத் தானே இழுத்துப் போட்டவர்.

“நாலு பேர் கொடுக்கறதாலதான்மா இங்க அடுப்பு எரியுது. வந்தவங்க மூஞ்சி சுளிச்சா நாளைக்கு யார் வருவா? உங்க அக்காவுக்கு இந்த இடம் சரிப்படாது. வேற இடம் பாத்துக்குங்க.”

இதற்குத்தான் பயந்தேன். அக்காவுக்கு இங்கே ஜன்னலோரக் கட்டில் உண்டு, சேர்ந்து பூக்கட்ட ஒரு தோழி உண்டு, இருக்கவே பிடித்திருக்கிறது என்று அவளே சொல்லியிருக்கிறாள். வேறு இடம் என்றால் அந்த நைட்டிக் குவியல்தான். ஆனாலும் கெஞ்சக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். கெஞ்சினால் அன்று அக்கா பட்டினி கிடந்ததற்கு அர்த்தமில்லை.

“சார், லாரி நிறைய நெல் வருது. ஒரு மூட்டையில ஒரு கை அள்ளிப் பாத்துட்டு மொத்த லோடையும் நாங்க திருப்பி அனுப்பறதில்ல. ஒரு மதியத்தை வச்சு நீங்க இவளை அனுப்பறீங்க. அனுப்பறதுன்னா காரணத்தை எழுதிக் கொடுங்க.”

“என்னன்னு எழுதறது?”

“சாப்பிடறதுக்கு முன்னாடி நன்றி சொல்லலைன்னு எழுதுங்க. உங்க கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு.”

அவர் மேசை மேலிருந்த சீலைப் பார்த்தார். ஜன்னல் வழியே தோப்பைப் பார்த்தார். எழுதவில்லை.

“பட்டினி கிடக்கறவங்கள வச்சு யாருக்கும் புண்ணியம் வேண்டாம் சார். முதல்ல போடுங்க. சாப்பிட்டவங்க இஷ்டப்பட்டா போட்டோவுக்கு நிக்கட்டும். கேட்டா அவங்களே நல்லாச் சிரிப்பாங்க.”

“பாக்கலாம்” என்றார். அவர் பாக்கலாம் என்றால் முடியாது என்று பொருள்.

அடுத்த மாதம் மறுபடி போன். அன்றும் ஆய்வுக்கூடத்தில்தான் இருந்தேன்.

“என்னம்மா இது, உங்க அக்கா மத்தவங்களையும் கெடுத்து வச்சிருக்காங்க. ஒரு வரிசையே தட்டைக் கவுத்துப் போட்டுட்டு உக்காந்திருக்கு. பிறந்தநாள்காரங்க வந்து நிக்கறாங்க.”

“எல்லாருக்கும் ஒரே நாள்ல முத்திடுச்சா சார்?”

அக்காவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தார்.

“சோறு ஆறுதுடி” என்றாள் அக்கா. “இவங்க இன்னும் பலூன் கட்டிக்கிட்டிருக்காங்க.”

“அனுப்பிடுவாங்கன்னு பயமா இருக்கா?”

“இருக்கு. அதுக்காகத் தட்டை நிமித்தணுமா?”

நான் பதில் சொல்வதற்குள், அந்தப் பக்கம் புதிதாக ஒரு பெண் குரல் கேட்டது. சாப்பாடு கொடுக்க வந்த வீட்டுக்காரம்மாவாக இருக்க வேண்டும்.

“எதுக்குங்க காக்க வச்சிருக்கீங்க? கேக் எங்க ஓடியா போயிடும்? முதல்ல போடுங்க, பாவம்.”

பொறுப்பாளர் என்னவோ முனகினார். தட்டுகள் ஒவ்வொன்றாக நிமிரும் சத்தம். வாளியின் கைப்பிடி கிணுகிணுத்தது. அக்கா போனைக் காதில் வைத்தபடியே சொன்னாள்:

“பாவமெல்லாம் வேண்டாங்க. கரண்டி நிறையப் போடுங்க.”